அகற்றியாயிற்று – எங்கே?

மாசி முதிர்ந்தால் நெய்வேலி நகரியத்து வீடுகளில் சருகுமழை. வேம்பும் மாவும் உதிர்த்தவை முற்றத்தை மூடும். மூன்று நாள் பெருக்காவிட்டால் அண்டை வீட்டார் முகம் சுளிப்பர். உடனே ஆள் தேடுவோம். ஆள் வருவார், அள்ளுவார், கூலி பெற்றுப் போவார். சுத்தமாயிற்று என்று நிம்மதி கொள்வோம்.

எது சுத்தமாயிற்று, தோழர்களே? நம் முற்றம்! சருகு எங்கே போயிற்று என்று என்றேனும் கேட்டதுண்டா?

சென்ற ஆண்டு வரை நானும் கேட்டதில்லை. ஆசிரியன் நான், பிள்ளைகளுக்குச் சமத்துவம் கற்பிப்பவன்! என் வீட்டுக் கோணிப்பையில் எலுமிச்சை முள்ளோடு உடைந்த மருந்துப் புட்டியும் கிடந்தது. போட்டவர் வேறெவருமல்லர், நானேதான். அள்ள வந்த முதியவரின் உள்ளங்கை கிழிந்தது. அவர் கத்தவில்லை, குருதியை வேட்டி முனையில் துடைத்துக்கொண்டு மீதியையும் அள்ளினார். என் தாயார் இரக்கம் மிக்கவர்தாம், மஞ்சள்தூள் கொண்டுவந்தார். ஆனால் தாளில் மடித்து, எட்ட நின்று நீட்டினார். "இந்தா, போட்டுக்கோ" என்றார், தம்மினும் மூத்தவரை. அவரோ இருபத்தைந்து வயதான என்னை "ஐயா" என்றார். கண்ணாடி அவர் கையைக் கிழித்தது. அந்த "ஐயா" என்னை.

பின்தொடர்ந்து போனேன். சாலையோரப் பள்ளத்தில் கொட்டினார், கொளுத்தினார், புகையில் நின்று இருமினார். "வேறெங்கே போடுவேன் ஐயா?" என்றார். தோட்டக் கழிவை வீட்டு வளாகத்திலேயே தனியே சேர்த்துவைத்து, உள்ளாட்சி காட்டும் வழியில் ஒப்படைக்க வேண்டும், தெருவில் எறியவோ எரிக்கவோ கூடாது என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வகுத்தன. கடமை, கழிவை உண்டாக்குபவருக்கு. நாமோ அந்தக் கடமையையும் கூடையோடு சேர்த்து அவர் தலையில் ஏற்றினோம். புகையும் அவருக்கு, பழியும் அவருக்கு!

இதில் ஒரு விந்தை. 1956-இல் இங்கே நிறுவனம் எழுந்ததும், 1957-இல் சுரங்கப் பணி தொடங்கியதும் எதற்காக? கோடி ஆண்டுகளுக்கும் முன் மண்ணில் புதைந்த தாவரத்துக்காக! பழுப்பு நிலக்கரி என்பது அதுதானே? அன்றைய மரத்தின் மிச்சத்துக்காக மலை மலையாய் மண்ணை அகற்றும் ஊரில், இன்றைய மரத்தின் மிச்சம் தொல்லை! அதையும் எரிக்கத்தானே செய்கிறார்கள் என்பீர். உண்மை, ஆனால் பள்ளத்துத் தீயில் மின்சாரம் வரவில்லை, இருமல்தான் வந்தது.

தோட்டத்தில் குழி வெட்டினோம். சருகு ஒரு படுகை, பச்சைத் தழையும் சாணமும் ஒரு படுகை. சருகில் கரிச்சத்து மிகுதி, பசுந்தழையில் தழைச்சத்து மிகுதி. நுண்ணுயிருக்கு இரண்டும் வேண்டும். பிழிந்த துணியின் ஈரம் போதும். இடையிடையே கிளறினால் காற்றுப் புகும். சில நாளில் குழியின் நடுவே கை வைக்க முடியாத சூடு. சில திங்களில் எரு.

சிக்கல் தீர்ந்ததா? "நீ குழி வெட்டிக்கொண்டாய், அந்த முதியவர் பிழைப்பு?" என்றார் நண்பர் ஒருவர். என்னைத் தூங்கவிடாத கேள்வி அது. "பிழைப்புக் கொடுக்கிறோம்" என்பது பழைய கேடயம். அதன் பின்னே நின்று எத்தனையோ இழிவுகளை நியாயம் என்றனர். ஆனால், கேடயம் என்று நான் சொல்லிவிட்டதால் அவர் வீட்டு உலை கொதித்துவிடுமா? ஆகவே அவரையே அழைத்தோம். கூலியை முன்னதாகவே பேசினோம், முன்னினும் கூடுதலாக. முள்ளைத் தனியே கட்டுவது என் வேலை. கையுறை வாங்குவது என் வேலை. கிளறுவதும் சலிப்பதும் அவர் வேலை. செய்தது இவ்வளவே, ஒரு வீட்டில், ஒருவருக்கு. மற்ற வீடுகளின் சருகை அவர் இன்றும் பள்ளத்தில்தான் கொட்டுகிறார்.

சென்ற கிழமை அவர் வாயிலில் நின்றபோது, "வாங்க பெரியவரே" என்றார் என் தாயார். யாரை அழைக்கிறார் என்று அவருக்கு விளங்கவில்லை. திரும்பித் தமக்குப் பின்னால் பார்த்தார்.