பிடியரிசிக் கலயம்

உலை வைத்துவிட்டு அரிசி அளக்கும்போது ஆச்சி முதலில் ஒரு பிடி அள்ளி, அடுப்பங்கரை மூலையில் இருந்த மண்கலயத்தில் போடுவாள். பிறகுதான் கல் பொறுக்குவது, களைவது எல்லாம். அது கோயில் அரிசி. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் கிறிஸ்தவர்களும் கோயில் என்றுதான் சொல்வோம். ஞாயிற்றுக்கிழமை கலயத்தைத் துணிப்பையில் கவிழ்த்துக் கொண்டுபோவாள். புழுங்கல், பச்சை, ரேஷன் என்று ஊர் அரிசியெல்லாம் ஒரே குவியலாகி, ஆராதனை முடிந்ததும் ஏலம் போகும். அதைச் சோறாக்கினால் பாதி குழையும், பாதி விறைத்து நிற்கும். கோழிக்குத்தான் ஆகும் என்று நாங்கள் கேலி செய்வோம்.

ஒரு பிடி குறைந்ததால் எங்கள் வீட்டில் யாரும் அரை வயிறாக எழுந்ததில்லை. அதனாலேயே, இதெல்லாம் ஒரு காணிக்கையா என்று எனக்கு வெகுநாள் ஓர் இளக்காரம் இருந்தது.

எருசலேம் தேவாலயத்தில் பெண்கள் முற்றத்தில் எக்காள வடிவில் 13 காணிக்கைப் பெட்டிகள் இருந்தனவாம். பைபிளில் வரும் அந்த ஏழை விதவை அங்கேதான் இரண்டு காசு போட்டாள். கூலியாளின் ஒரு நாள் சம்பளம் ஒரு தெனாரியம். அவள் போட்டது அதில் 64இல் ஒரு பங்கு. இன்றைக்கு 640 ரூபாய் கூலி என்றால் 10 ரூபாய். இதை வைத்துக் காணிக்கைப் பிரசங்கம் செய்பவர்கள், மாற்கு 12ஆம் அதிகாரத்தில் அதற்குச் சற்று முன்னால் இருப்பதை அநேகமாகத் தொடுவதில்லை. விதவைகளின் சொத்தைச் சுருட்டிக்கொண்டு நீளமாக ஜெபம் செய்யும் வேதபாரகரை இயேசு சாடுவது அங்கேதான். அவள் கையில் இரண்டே காசு மிஞ்சியது எப்படி என்று கேட்காமல், அதையும் போட்டாளே என்று மெச்சுவது எனக்கு உறுத்துகிறது. சிறியவர்கள் கொடுப்பதைப் புகழ்ந்தே பெரியவர்கள் தப்பித்துக்கொள்ளலாம்.

ஆச்சிக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. ஆனால் ஒரு சாயங்காலம் நினைவிருக்கிறது. பக்கத்து வளவுக்காரி வந்து வாசலில் நின்றாள். என்ன வேண்டும் என்று அவள் சொல்லவில்லை, ஆச்சி கேட்கவும் இல்லை. எங்கள் அரிசிப் பானையும் அன்றைக்குக் காலி. ஆச்சி கலயத்தை எடுத்து அப்படியே அவள் முந்தானையில் கவிழ்த்தாள்.

"ஆச்சி, அது கோயிலுக்கு உள்ளதுல்லா?" என்றேன்.

"கோயிலுக்கு அடுத்த வாரம் குடுத்துக்கிடலாம்லே. அவ பிள்ளையளுக்கு இன்னைக்கு ராத்திரில்லா பசிக்கும்."

அந்த ஞாயிறு வெறுங்கையோடு கோயிலுக்குப் போனாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் வெட்கம் இருந்தது என்றே நினைக்கிறேன். வழக்கமான இடத்தை விட்டுப் பின்வரிசையில் உட்கார்ந்தாள்.

இந்தப் பிடி எங்கள் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. மிசோரம் சபைப் பெண்கள் 1910இலிருந்து சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசி எடுத்துவைக்கிறார்கள். காஞ்சிப் பெரியவர் சொல்லித் தொடங்கிய பிடியரிசித் திட்டமும் இதே கைதான். சாமி வேறு, பாட்டு வேறு. அரிசிப் பானைக்குள் போகும் கை ஒன்று. களையும் முன்பே எடுப்பதில் ஒரு சூட்சுமம் இருப்பதாக இப்போது படுகிறது. மிஞ்சியதைக் கொடுப்பதற்கு மனது வேண்டியதில்லை. மனது வந்த பிறகு கொடுப்பேன் என்றால் பாதி நாள் வராது. கைக்குப் பழகிவிட்டால் மனதை எதிர்பார்க்க வேண்டாம்; பெருமைப்படவும் அதில் ஒன்றுமில்லை.

இப்போது என் காணிக்கை மாதம் பிறந்ததும் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போய்விடுகிறது. தொகை ஆச்சியின் கலயத்தைவிடப் பெரிது. போனது எனக்குத் தெரிவது குறுஞ்செய்தி வந்தால்தான்.

போன மாதம் குக்கர் பக்கத்தில் ஒரு பிஸ்கட் டப்பாவை வைத்தேன். முதல் வாரத்திலேயே மூன்று நாள் மறந்துபோனது. மூன்று நாளும் அரிசியில் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் நினைவு வந்தது. ஈர அரிசியை டப்பாவில் போட்டால் புளித்துவிடும்.