கொடுக்கப்பட்டவை

குஜிலியம்பாறைப் பக்கத்தில் எங்கள் காலனி இருப்பது ஊரின் கீழ்க்கோடியில். மேலத்தெருச் சாக்கடை எங்கள் வாசலில் வந்துதான் முடியும். வானம் பார்த்த பூமி, பாறையும் முள்ளும். வருசத்தில் மழை பெய்கிற அந்தக் கொஞ்ச நாளும் எங்களுக்கு வந்து சேர்வது மழை இல்லை, ஊர்க் கழிவு.

பி.இ. சிவில் இரண்டாம் வருசம். லீவில் வந்திருந்தேன். ராத்திரி பெய்த மழையில் வாசலில் கணுக்கால் அளவு சகதி. சித்தாள் வேலைக்குப் போய்த் திரும்பிய அம்மா, சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு மண்வெட்டியால் சகதியைத் தள்ளியபடியே கேட்டது.

“ஏய்யா, இம்புட்டுப் படிக்கிறியே, மேலத்தெரு தண்ணி ஏன்யா நம்ம வாசலுக்கே வருது?”

“மேடு பள்ளம்மா. தண்ணி பள்ளத்தத் தேடித்தான் வரும். அதுக்குப் பேரு கிராவிட்டி.”

“அது தெரியாமயா கேக்குறேன்? நம்மளப் பள்ளத்துல வச்சது யாருய்யா? அதுக்கு உம் புஸ்தகத்துல என்ன பேரு போட்டிருக்கு?”

பேர் போடவில்லை. நான்கு வருசப் படிப்பில் எந்தப் புத்தகத்திலும் போடவில்லை.

சிவில் படித்தவர்களுக்குத் தெரியும். பரீட்சையில் ஒரு கணக்கைத் தொடங்கும்போது முதலில் எழுத வேண்டியது ‘கொடுக்கப்பட்டவை’. சுவரின் உயரம் இவ்வளவு, மண்ணின் எடை இவ்வளவு, குழாயின் நீளம் இவ்வளவு, குடியிருக்கும் ஆட்கள் இத்தனை பேர். அதற்குக் கீழே ‘கண்டுபிடிக்க வேண்டியது’. அதற்கும் கீழே விடை. கொடுக்கப்பட்டதை அப்படியே எடுத்து எழுதினாலே ஒன்றிரண்டு மார்க் விழும். அதைக் கேள்வி கேட்டால் மார்க் கிடையாது. ஆறு மீட்டர் சுவர் என்றால் ஆறு மீட்டர்தான். எதற்கு ஆறு மீட்டர், யாருக்கும் யாருக்கும் நடுவில் ஆறு மீட்டர் என்று யோசிப்பவன் அடுத்த கணக்குக்குப் போக முடியாது, மணி அடித்துவிடும்.

என் கேள்வி இதுதான். ஒரு இன்ஜினியர் விடைக்கு மட்டும்தான் பொறுப்பா, கொடுக்கப்பட்டதற்கும் பொறுப்பா?

வெட்டிக் கேள்வி என்று நினைப்பவர்கள் மேட்டுப்பாளையம் நடூரை நினைத்துப் பார்க்க வேண்டும். 2019 டிசம்பர் 2, விடியும் நேரம். காலனியை ஒட்டி ஒரு வீட்டின் மதில், சுமார் 20 அடி உயரம். விடாத மழையில் அது சாய்ந்தது. கீழே ஓட்டு வீடுகளில் தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் செத்தார்கள். அருந்ததியர்கள். பெண்களும் குழந்தைகளும் அதில் உண்டு. இந்தச் சுவரால் ஆபத்து என்று முன்பே முறையிட்டோம் என்றார்கள் அந்த மக்கள். எங்களை மறைக்க எழுப்பிய தீண்டாமைச் சுவர் இது என்றார்கள்.

இதை ஒரு சிவில் மாணவன் எப்படிப் பார்ப்பான்? அவனுக்கு உடனே கணக்கு ஓடும். எனக்கும் ஓடியது, மறைக்க வேண்டியதில்லை. ஒரு சுவருக்குப் பின்னால் மண் இருந்தால் அந்த மண் சுவரைத் தள்ளும். எவ்வளவு தள்ளும் என்பதற்கு ரேங்கின் 1857-லேயே வழி சொல்லிவிட்டார். உயரம் இரண்டு மடங்கு ஆனால் தள்ளும் விசை நான்கு மடங்கு, சுவரைக் கவிழ்க்கப் பார்க்கும் திருப்புவிசை எட்டு மடங்கு. ஐந்தடிச் சுவரை இருபது அடி ஆக்கினால் அந்தத் திருப்புவிசை 64 மடங்கு. மண்ணில் தண்ணீர் ஊறி நின்றால் இன்னும் மோசம். அதனால்தான் சுவரின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டை விடச் சொல்கிறது பாடம். பின்னால் மண்ணே இல்லாத வெறும் மதில் என்றாலும் காற்றால் வரும் திருப்புவிசை மட்டுமே ஏறக்குறைய 16 மடங்கு ஆகும். ஆகவே உயரத்தோடு விளையாடக் கூடாது என்பது எங்கள் படிப்பில் பாலபாடம்.

சரி. ஒரு நல்ல இன்ஜினியர் இந்தக் கணக்கையெல்லாம் போட்டு, ஆழமாக வானம் தோண்டி, அகலமாக அடித்தளம் போட்டு, இடைக்கிடை தூண் நிறுத்தி, வடிதுளை விட்டு அதே 20 அடியைக் கட்டியிருந்தால்? சுவர் விழுந்திருக்காது. 17 பேர் இருந்திருப்பார்கள். இதை லேசாக ஒதுக்க என்னால் முடியாது. வேலை தெரிந்தவன் ஒழுங்காக வேலை செய்வதே பெரிய தர்மம்தான். அரைகுறையாகக் கட்டிவிட்டு அரசியல் பேசுகிறவனைவிட அவன் எவ்வளவோ மேல்.

ஆனால் அந்தச் சுவரும் நின்றிருக்கும். நூறு வருசம் நின்றிருக்கும்.

உத்தப்புரத்தில் அப்படித்தான் நின்றது. மதுரை மாவட்டம், எங்களுக்கு ரொம்பத் தூரம் இல்லை. 1989-ல் தலித்துகளை அடைத்து எழுப்பிய சுவர். 2008 மே 6-ல்தான் அதில் ஒரு பகுதியை அரசு இடித்துப் பாதை திறந்தது. இடையில் 19 வருசம். மழைக்குச் சாயவில்லை, யாரையும் அமுக்கவில்லை. விடை சரி, முழு மார்க். அதனால்தான் உத்தப்புரத்தைவிட நடூரைப் பற்றிப் பேசுவது எங்கள் துறைக்காரர்களுக்குச் சுலபமாக இருக்கிறது. நடூரில் கட்டுமானக் கோளாறு என்று சொல்லிக் கடந்துவிடலாம். உத்தப்புரத்தில் எதைச் சொல்வது? அங்கே கோளாறு முழுக்கக் கொடுக்கப்பட்டதில் இருக்கிறது.

சாக்கடைப் பாடத்துக்கு வருகிறேன். அதில் ‘மேன்ஹோல்’ என்று ஒன்று. பெயரிலேயே மனுசன் இருக்கிறான். ஒரு ஆள் இறங்கிச் சோதிக்கவும் சுத்தம் செய்யவும் விடுகிற திறப்பு என்று விளக்கம். ஆள் நுழைய வாய் எவ்வளவு அகலம், ஆழம் கூடக் கூட உள்ளே எவ்வளவு அகலம், கால் வைக்க இரும்புப் படி என்ன இடைவெளியில் என்று எல்லாவற்றுக்கும் அளவு உண்டு. இறங்குகிற ஆள் யார் என்று மட்டும் இல்லை. வகுப்பில் அந்தப் படத்தை எல்லோரும் வரைந்தோம். உள்ளே இறங்குகிற ஆளின் முகம் எனக்குத் தெரியும், அது என் சித்தப்பா முகம். படத்துக்குப் பத்துக்கு ஒன்பது வாங்கினேன். இப்போதும் அந்த ஒன்பது உறுத்துகிறது.

மனிதக் கழிவை மனிதன் அள்ளுவதைத் தடுக்க 1993-ல் ஒரு சட்டம், 2013-ல் இன்னொரு சட்டம். 1993-க்குப் பிறகு சாக்கடையில் இறங்கிச் செத்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் கொடு என்று 2014 மார்ச் 27-ல் உச்சநீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக்கியது. செத்தவனுக்குத் தொகை ஏறியிருக்கிறது, சாவும் நிற்கவில்லை. ஆனால் 2018-ல் கேரளாவில் இளம் இன்ஜினியர்கள் சிலர் சாக்கடைக்குள் இறங்கித் தூர் வாருகிற ஒரு இயந்திரத்தைச் செய்து திருவனந்தபுரத்தில் இறக்கிக் காட்டினார்கள். ‘இறங்குவது ஆள்’ என்று எழுதியிருந்த இடத்தை அடித்துவிட்டுக் கணக்கை மறுபடி போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். வானத்தை வில்லாக வளைக்கிற வேலை இல்லை. இத்தனை காலம் அது செய்யப்படாமல் இருந்ததற்குக் காரணம் தொழில்நுட்பம் இல்லாமை என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்.

என் தோழர்கள் சிலர் வேறு மாதிரி பேசுகிறார்கள். இந்தப் படிப்பே அவர்கள் படிப்பு, இந்த அறிவே ஆள்கிறவன் அறிவு, அதற்குள் போனால் நீயும் அவர்கள் கண்ணால்தான் பார்ப்பாய் என்கிறார்கள். கிண்டிக் கல்லூரியின் பூர்வீகத்தையும் காட்டுகிறார்கள்: 1794-ல் கம்பெனிக்கு நிலம் அளக்க ஆள் பழக்கிய சர்வே பள்ளிக்கூடம் அது. வாஸ்தவம். வரி வாங்குகிறவன் வசதிக்காக வளர்ந்த அறிவுதான் இது. ஆனால் 1892 அரசாணையில் நமக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலம் இன்று யார் வேலிக்குள் கிடக்கிறது என்று தேடிப் போகிறவனுக்கும் அதே சர்வே எண், அதே வரைபடம், அதே சங்கிலிதானே வேண்டியிருக்கிறது? அளக்கத் தெரியாதவன் என்னத்தைக் கேட்டு வாங்குவான்?

அதோடு, இது அவர்கள் அறிவு என்று மொத்தமாகத் தூக்கிக் கொடுக்கவும் எனக்கு மனசில்லை. ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று என்று நான் மனப்பாடம் பண்ணிய கலவையை அம்மா இருபது வருசமாகத் தலையில் சுமக்கிறது. எங்கள் பக்கத்துக் கரிக்காலியிலேயே சிமெண்ட் ஆலை இருக்கிறது. அந்தச் சிமெண்ட் மூட்டைக்குள் வரும்போது இருக்கிற சூடும், தண்ணி அதிகம் விட்ட கலவை சட்டியில் தளும்புகிற தளும்பலும் அம்மாவின் கைக்குத் தெரியும். “தண்ணி கூடிப்போச்சு, மேஸ்திரி” என்று அம்மா சொன்னால் கூடித்தான் இருக்கும். நான் அதை லேபில் கூம்பு வைத்து அளந்து கற்றுக்கொண்டேன். அம்மாவுக்குத் தினக்கூலி, எனக்குப் பட்டம்.

அம்பேத்கரைச் சட்டம் எழுதியவராக மட்டும் பார்த்துப் பழகிவிட்டோம். 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் அவர் தொழிலாளர் துறை உறுப்பினர். நீர்ப்பாசனமும் மின்சாரமும் அப்போது அவரிடம்தான். 1943-ல் தாமோதர் நதி வெள்ளம் வங்காளத்தை அடித்துப் போட்டது. வெள்ளம் வரும், கரையை உயர்த்து என்பதே அதுவரை பழக்கம். வெள்ளம் மட்டும் ஏன் உன் கணக்கு, அதே தண்ணீர் பாசனத்துக்கும் மின்சாரத்துக்கும் படகுப் போக்குவரத்துக்கும் ஆகாதா என்கிற பக்கம் அவர் நின்றார். 1945-ல் மத்திய நீர்வழி, பாசன, படகுப் போக்குவரத்து ஆணையம் உருவானதும், 1948-ல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் சட்டமானதும் அந்த வேலையின் தொடர்ச்சிதான். 1927 மார்ச் 20-ல் மகாட் குளத்தில் இறங்கித் தண்ணீரைக் கையில் அள்ளிக் குடித்த அதே ஆள். குளம் யாருடையது என்று கேட்டவருக்கு நதியை எப்படித் திருப்புவது என்று கேட்கத் தடை ஒன்றும் இருக்கவில்லை. நாம்தான் இரண்டையும் பிரித்து வைத்துக்கொண்டோம். அணை கட்டினால் மூழ்குகிறவன் யார் என்ற கேள்வி அதற்குப் பிறகு வந்தது, அதற்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

கடைசி வருசம் புராஜெக்ட். கூடப் படித்தவர்கள் அடுக்குமாடி டிசைன் பண்ணினார்கள். நான் எங்கள் ஊர்ச் சாக்கடையை எடுத்துக்கொண்டேன். கல்லூரியில் லெவல் கருவியை இரவல் வாங்கி ஊருக்குக் கொண்டுவந்தேன். ஞாயிற்றுக்கிழமை. ஸ்டாஃப் பிடிக்க அம்மா. மேலத்தெரு முக்கில் அம்மா அந்தக் கம்பை நட்டு நின்றபோது திண்ணைகளில் இருந்தவர்கள் என்னவென்று எழுந்து பார்த்தார்கள். அந்த முக்கில் அம்மா அதுவரை நின்றதே இல்லை.

மேலத்தெரு முக்கிலிருந்து எங்கள் வாசலுக்கு 240 மீட்டர், இறக்கம் ஒன்றரை மீட்டர். 160-க்கு ஒன்று. எதிர்பார்த்ததுதான். சும்மா இருக்கட்டும் என்று கிழக்கே ஓடைப் பக்கமும் லெவல் எடுத்தேன். 180 மீட்டர், இறக்கம் 1.35 மீட்டர். 133-க்கு ஒன்று. இரண்டு தடவை திருப்பி எடுத்தேன். ஓடைப் பக்கச் சரிவு எங்கள் பக்கத்தைவிட அதிகம். தூரமும் குறைவு. தண்ணீரை அதன் போக்கில் விட்டிருந்தால் பாதியாவது அந்தப் பக்கம் போயிருக்கும். யாரோ குறுக்கே மண் அணைத்து, எங்கள் பக்கம் வாய்க்கால் வெட்டியிருக்கிறார்கள்.

இரண்டு வருசத்துக்கு முன்னால் அம்மாவிடம் நான் சொன்ன கிராவிட்டி பொய். புத்தகம் பொய் சொல்லவில்லை. அளந்து பார்க்காமலே நான் சொன்னேன்.

வரைபடம் போட்டு, எஸ்டிமேட் போட்டு, ஒரு நகல் எடுத்துக்கொண்டு சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நல்லாத்தான் போட்டிருக்க தம்பி. ஆனா ஓடப் பக்கம் போற வழி பட்டா நெலம்ல? அவுங்க விடமாட்டாங்க. அத மாத்த முடியாதுன்னு வச்சிக்கிட்டு டிசைன் பண்ணு” என்றார். கெட்ட மனுசர் இல்லை, டீ வாங்கிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன்.

“எங்க வாசலு மட்டும் பொறம்போக்கான்னு கேட்டியா?”

கேட்கவில்லை.

“மொதல்ல அதக் கேட்டுட்டு வா” என்றது அம்மா. “வெள்ளிக்கெழம வேலயில்ல. நானும் வாறேன்.”