இடைப்பட்ட நாட்கள்

பழைய கோயிலில் திருப்பணி என்றால் முதலில் பாலாலயம் செய்வார்கள். மூலவரின் சக்தியைக் கலசத்துக்கோ அத்திப் பலகைக்கோ மாற்றி வைத்துவிட்டு, அதன் பிறகே கருவறைப் பக்கம் உளியை எடுப்பார்கள். பெரிய சேமிப்புக் கிளஸ்டரை நடத்துகிறவனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஐந்து பெட்டாபைட் தரவைக் கொஞ்ச நாள் கொண்டுபோய் வைத்திருக்க இன்னொரு ஐந்து பெட்டாபைட்டை யார் வாங்கிக் கொடுப்பார்கள்? மூலவர் இருந்த இடத்திலேயே இருக்க, பூசையும் வேளை தவறாமல் நடக்க, சுவரை மட்டும் கல் கல்லாக மாற்றியாக வேண்டும்.

என் அன்றாடம் செஃப் என்ற மென்பொருளோடு கழிகிறது. கலிபோர்னியாவில் சான்டா குரூஸ் பல்கலைக்கழகத்தில் சேஜ் வைல் தன் முனைவர் பட்ட ஆய்வாகத் தொடங்கியது இது. ஆய்வுக் கட்டுரை வெளிவந்த ஆண்டு 2006. சாதாரண சர்வர்களையும் டிஸ்க்குகளையும் சேர்த்துக் கட்டி ஒரே சேமிப்பிடமாக்கும்; அந்தக் கூட்டுதான் கிளஸ்டர். டிஸ்க் ஒன்றுக்கு ஓஎஸ்டி என்றொரு புரோகிராம் காவல். எந்த ஓஎஸ்டி உயிரோடு இருக்கிறது என்ற கணக்கைக் காக்க மூன்றோ ஐந்தோ மானிட்டர்கள். தரவின் ஒவ்வொரு துண்டுக்கும் வழக்கமாக மூன்று பிரதிகள். பதிப்புகளுக்கு அகரவரிசையில் பெயர் வைப்பார்கள், பெரும்பாலும் கணவாய், ஆக்டோபஸ் வகையறா. 2012இல் ஆர்கோனாட், 2016இல் ஜூவல், 2017இல் லூமினஸ், 2019இல் நாட்டிலஸ், 2024இல் ஸ்குவிட்.

செல்பேசியில் அப்டேட் என்றால் திரை ஒருமுறை அணைந்து எரியும். பழையது போயிற்று, புதியது வந்தது. கிளஸ்டரில் அப்படி நடக்காது. இரண்டு பதிப்புகளும் ஒரே நேரத்தில் உயிரோடு இருந்து, ஒன்றோடொன்று பேசி, ஒரே தரவுக்குப் பொறுப்பேற்கும் காலம் ஒன்று உண்டு. சின்னக் கிளஸ்டரில் அது சில மணி நேரம். ஆயிரம் டிஸ்க் உள்ளதில் பல நாள் இழுக்கும். அப்கிரேடு என்று நாங்கள் சொல்வது அந்த இடைப்பட்ட நாட்களைத்தான். மற்றதெல்லாம் பேக்கேஜ் இறக்குவது. அதை யாரும் செய்வார்கள்.

அந்த நாட்களுக்கென்று சில நடைமுறைகள் உண்டு. முதலில் மானிட்டர்கள், பிறகு புள்ளிவிவரம் பார்க்கும் மேனேஜர்கள், அதன் பிறகு ஓஎஸ்டிகள், கடைசியில்தான் ஃபைல்களையும் வெளி இணைப்புகளையும் கவனிக்கும் புரோகிராம்கள். கணக்கு வைத்திருப்பவர் முதலில் புதுமொழி கற்க வேண்டும், சுமை தூக்குகிறவர் பிறகு கற்றால் போதும் என்பது இந்த வரிசையின் கருத்து. அடுத்து, நோஅவுட் என்ற கொடியை ஏற்றிவிட வேண்டும். சாதாரண நாளில் ஒரு ஓஎஸ்டி மௌனமாகிவிட்டால் மானிட்டர் 600 விநாடி பொறுக்கும். அதற்குள் பதில் இல்லையென்றால் அது போய்விட்டதாக முடிவு கட்டி, அதனிடம் இருந்த தரவுக்கெல்லாம் வேறு டிஸ்க்குகளில் புதுப் பிரதி எடுக்கத் தொடங்கும். கொடி ஏறியிருந்தால் அந்த முடிவைத் தள்ளிப்போடும். மாறிக்கொண்டிருப்பவன் சிறிது நேரம் பேசாமல் இருப்பான், அதற்காக அவன் சொத்தைப் பிரிக்காதே என்று எழுதி ஒட்டுவது போலத்தான்.

ஒரு ஓஎஸ்டியை நிறுத்துமுன் கிளஸ்டரிடமே கேட்கவும் வழி உண்டு: ஓகே டு ஸ்டாப் என்ற கட்டளை. இவனை இப்போது நிறுத்தினால் யாருக்காவது தரவு கிடைக்காமல் போகுமா என்பதே கேள்வி. மற்ற பிரதிகள் இருந்து சமாளிக்கும் என்றால் சம்மதம் வரும். இல்லையென்றால் வராது. எத்தனையோ மென்பொருளில் எத்தனையோ கட்டளை பார்த்தாகிவிட்டது. இவ்வளவு மரியாதையான இன்னொன்றைப் பார்த்ததில்லை.

இவை வெளிவேலை. இரண்டு பதிப்புகள் உண்மையில் எப்படிப் பேசிக்கொள்கின்றன என்று பார்க்க செஃபின் மூலநிரலுக்குள் போக வேண்டும். அங்கே எந்தப் பதிவை டிஸ்க்கில் எழுதினாலும், வலையில் அனுப்பினாலும், அதன் தலையில் பெரும்பாலும் மூன்று எண்கள் இருக்கும். முதல் எண், நான் எந்தப் பதிப்பு. இரண்டாவது, என்னைப் படிக்கக் குறைந்தபட்சம் எந்தப் பதிப்பு தெரிந்திருக்க வேண்டும். மூன்றாவது, என் நீளம் எத்தனை பைட். ஐந்தாம் பதிப்பாக எழுதிய பதிவு மூன்றாம் பதிப்பு மட்டுமே அறிந்த பழைய புரோகிராமிடம் போய்ச் சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது எண் ஒன்று என்று இருந்தால் பழையவன் துணிந்து படிக்கலாம். தனக்குத் தெரிந்த பகுதி வரை படிப்பான். மிச்சம் என்னவென்று அவனுக்குத் தெரியாது. ஆனால் அது எங்கே முடிகிறது என்று தெரியும், நீளம் எழுதியிருக்கிறதே. தாண்டி அடுத்த பதிவுக்குப் போய்விடுவான்.

புதியவன் பழைய பதிவைப் படிக்கும்போது அவனுக்கு வேறு கடமை. நான்காம் பதிப்புக்கு மேல் என்றால் இந்தப் புலத்தைப் படி, இல்லையென்றால் இன்னதென்று வைத்துக்கொள் என்று வரிக்கு வரி நிபந்தனை. பார்க்க அழகாக இராது. புதிதாகச் சேரும் பையன்களுக்கு இந்த வரிகளைக் கண்டால் கை அரிக்கும், அழித்துச் சுத்தம் செய்யலாமே என்று. அழித்தால் எங்கோ ஒரு டிஸ்க்கில் எட்டு வருடமாகத் தூங்கும் பதிவு விழித்தெழும் நாளில் படிக்க ஆள் இருக்காது. இதற்காகவே செஃப் திட்டத்தில் பழைய பதிப்புகள் எழுதிய பதிவுகளின் மாதிரிகளைத் திரட்டி வைத்திருக்கிறார்கள். புதிய நிரல் அவற்றைப் படித்துக் காட்டியாக வேண்டும்.

நெடுநாள் இதைப் பொறுமையின் கதையாகத்தான் நினைத்திருந்தேன். புதியவன் பழையவனைப் பொறுத்துப்போகிறான், அவ்வளவுதான் என்று. பாதி சரி. 2016இல் எழுதிய புரோகிராமிடம் போய் 2023ஐப் புரிந்துகொள் என்று கேட்க முடியாது. புரிந்துகொள்ளும் வேலை பின்னால் வந்தவன் தலையில்தான் விழும். ஆனால் அந்த மூன்றாவது எண்ணை வைத்தது யார்? பழையவன்தான். நீளம் பார்த்துத் தாண்டிப் போகும் திறமை அவனிடம் இல்லாமல் புதியவன் எவ்வளவு பொறுத்தும் பயனில்லை. தொடக்க நாட்களில் செஃப் பதிவுகளில் நீளம் எழுதும் பழக்கம் இல்லை, பதிப்பு எண் மட்டும் இருக்கும். அந்தப் பதிவுகளைப் படிப்பதற்கென்றே லெகசி என்று பெயரில் ஒட்டவைத்த தனிவகை நிரல் இன்றும் கிடக்கிறது. அதன் பிறகு யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள், நமக்குத் தெரியாத ஒன்று பின்னால் வரும், அதற்கு இடம் விடுவோம் என்று. என்ன வரும் என்று அவர்களுக்குத் தெரியாது. வரும் என்பது மட்டும் தெரியும்.

சரி, இந்தப் பொறுத்துப்போதலுக்கு முடிவே இல்லையா? உண்டு. அதை முடிக்கும் விதத்தில்தான் இந்தத் தொழிலின் நாகரிகம் இருக்கிறது.

இரண்டு செஃப் புரோகிராம்கள் கைகுலுக்கும்போது, தமக்கு என்னென்ன தெரியும் என்பதை 64 பிட்டுகளாகச் சொல்லிக்கொள்கின்றன. ஒரு பிட் ஒரு திறமைக்கு. ஆண்டுகள் போகப் போக இடம் நெருங்கிவிட்டது. பழைய பிட்டுகளை மீட்டெடுக்க வேண்டியதாயிற்று. உடனே பிடுங்கிவிட முடியாது. முதல் படியில், அந்தத் திறமை எல்லோருக்கும் வந்துவிட்டது என்று நிரல் எடுத்துக்கொள்ளும், சோதித்துப் பார்ப்பதை நிறுத்திவிடும். ஆனாலும் கைகுலுக்கும்போது அந்தப் பிட்டை மட்டும் தொடர்ந்து சொல்லிக்கொண்டிருக்கும். எதிரே நிற்கும் பழையவன் அதை எதிர்பார்ப்பான், சொல்லாவிட்டால் உறவே வேண்டாம் என்று போய்விடுவான் என்பதற்காக. அடுத்தடுத்த பதிப்புகளில், அப்படி எதிர்பார்ப்பவர் யாரும் மிச்சமில்லை என்ற நிலை வந்த பிறகுதான் சொல்வதை நிறுத்துவார்கள். அதற்கும் பிறகே அந்த இடம் இன்னொரு திறமைக்குப் போகும். இந்த மறுபயன்பாட்டுக்கு நிரலில் வைத்திருக்கும் பெயர் இன்கார்னேஷன், அதாவது அவதாரம். புன்னகைக்காமல் அந்த வரியைக் கடக்க முடிந்ததில்லை.

எல்லா மாற்றமும் இவ்வளவு நயமாக நடந்துவிடவில்லை. ஜூவலுக்கு முந்தைய இன்ஃபெர்னாலிஸ் பதிப்பிலிருந்து செஃப் புரோகிராம்கள் ரூட் என்ற சர்வாதிகாரப் பயனரை விட்டு, செஃப் என்ற தனிப்பயனராக ஓட ஆரம்பித்தன. பாதுகாப்புக்கு நல்லது. ஆனால் டிஸ்க்கில் கிடக்கும் லட்சக்கணக்கான ஃபைல்களின் உரிமையாளர் பெயரை மாற்றியாக வேண்டும், அதுவரை அந்த ஓஎஸ்டி புதுப் பயனராக எழுந்து நிற்காது. மணிக்கணக்கில் ஓடும் வேலை. பசிஃபிக் பதிப்பில் அதைவிடச் சோதனை. உள் அமைப்பின் வடிவத்தை மாற்றும் வேலையில் இருந்த பிழையால் தரவே சிதையக்கூடும் என்று, பழைய பதிப்பிலிருந்து பசிஃபிக்குக்கு வராதீர்கள் என 2021 நவம்பரில் திட்டக் குழுவே எச்சரித்தது. 16.2.7இல் சரிசெய்தார்கள். அந்த மாற்றத்தை ஓஎஸ்டி எழும்போதே தானாகச் செய்துவிடும் அமைப்பை அணைத்து வைத்திருந்தவர்கள், அவசரமில்லை, பிறகு பார்க்கலாம் என்று இருந்தவர்கள், தப்பினார்கள். சோம்பலுக்கும் நிதானத்துக்கும் வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

பொறுத்துப்போவதற்கும் விலை உண்டு என்பதை அதே ஆண்டு ஏப்ரல் காட்டியது. கிளஸ்டரோடு இணைந்து அதன் தரவைப் பயன்படுத்தும் ஒவ்வொரு கிளையன்ட்டுக்கும் ஓர் அடையாள எண் தரப்படும். தொடர்பு அறுந்து திரும்பி வரும்போது அதே எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அப்படிக் கேட்பவன் உண்மையில் அந்த எண்ணுக்கு உரியவன்தானா என்று மானிட்டர் சரியாகச் சோதிக்கவில்லை என்பது அப்போது தெரிந்தது. சோதனையைக் கடுமையாக்கினால், முறையாக நிரூபிக்கத் தெரியாத பழைய கிளையன்ட்கள் வெளியே நிற்க வேண்டும். நிரூபிக்கத் தெரியாதது அவர்கள் குற்றமா? எழுதியவர்கள் அப்படித்தான் எழுதியிருந்தார்கள். செஃப் குழு செய்தது இது: கதவைத் திறந்தே வைத்தார்கள், கூடவே இரண்டு எச்சரிக்கைகளைத் திரையில் மாட்டினார்கள். ஒன்று, இன்னின்ன கிளையன்ட் பழைய முறையில் வருகிறது. இன்னொன்று, நீங்கள் இன்னும் கதவைத் திறந்தே வைத்திருக்கிறீர்கள். முதல் எச்சரிக்கை அடங்கும் வரை ஆளாளாகப் புதுப்பியுங்கள், பிறகு உங்கள் கையாலேயே சாத்துங்கள் என்று அர்த்தம். சாத்துகிற வேலையை அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. யார் வெளியே நிற்பார்கள் என்பது அந்தந்தக் கிளஸ்டர்க்காரனுக்குத்தான் தெரியும்.

செஃபில் கிளையன்ட்டை இவ்வளவு தாங்குவதற்குக் காரணம் உண்டு. இங்கே தரவு எங்கே இருக்கிறது என்று சொல்லும் மையப் பதிவேடு கிடையாது. கிரஷ் என்ற கணக்கைப் போட்டு ஒவ்வொரு கிளையன்ட்டும் தானே இடத்தைக் கண்டுபிடித்துக்கொள்கிறது. வேகத்துக்கு அதுதான் ரகசியம். ஆனால் கணக்கு முறையைச் செம்மைப்படுத்தினால், புது முறை தெரியாத கிளையன்ட் தவறான கதவைத் தட்டும். லூமினஸில் வந்த அப்மேப் என்ற வசதி டிஸ்க்குகளுக்குள் சுமையைச் சமமாகப் பங்கிட அருமையானது. அதைப் புரிந்துகொள்ள லினக்ஸ் கெர்னல் 4.13 வேண்டும். இங்கே நன்மை முழுவதும் கிளஸ்டருக்கு, இடைஞ்சல் முழுவதும் எங்கோ தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு பழைய மெஷினுக்கு.

கடைசியில் ஓஎஸ்டிகள் எல்லாம் மாறிவிடும். இனிப் பழைய பதிப்பு ஓஎஸ்டி எதுவும் இந்தக் கிளஸ்டருக்குள் வர வேண்டாம் என்று அறிவிக்க ஒரு கட்டளை இருக்கிறது. அதுவரை புதியவர்கள் தம் புதுத் திறமைகள் பலவற்றை வெளியே காட்டாமல், பழைய மொழியிலேயே பேசிக்கொண்டிருப்பார்கள். அறிவித்தபின் திரும்ப வழியில்லை. கிளையன்ட்களுக்கும் அப்படியொரு கட்டளை உண்டு, குறைந்தபட்சம் லூமினஸ் தெரிந்திருக்க வேண்டும் என்று விதிக்க. அதை அடித்தால் செஃப் உடனே கீழ்ப்படியாது. இணைந்திருக்கும் 3 கிளையன்ட்கள் ஜூவல் போலத் தெரிகின்றன என்று மறுக்கும். அப்படியும் செய்தே ஆக வேண்டுமென்றால் யெஸ் ஐ ரியலி மீன் இட் என்ற சொற்றொடரை முழுக்க டைப் செய்து சேர்க்கச் சொல்லும்.

சேர்த்துவிடலாம்தான். சில சமயம் அதுவே சரியும்கூட. கெர்னல் கிளையன்ட்கள் அப்மேப் தெரிந்திருந்தும் ஜூவல் என்றே பட்டியலில் தோன்றுவது எங்கள் வட்டத்தில் தெரிந்த சங்கதி. பெயரைப் பார்த்து முடிவு செய்யாமல் பிட்டுகளைப் பார்த்தால் உண்மை தெரியும். ஆனால் பார்க்க வேண்டும். ஃபீச்சர்ஸ் என்ற கட்டளை எண்ணிக்கையை மட்டும் தரும், இத்தனை பேர் இன்ன திறமையோடு என்று. அவர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்றறிய மானிட்டரின் செஷன் பட்டியலை எடுக்க வேண்டும். அதில் ஐபி முகவரி கிடைக்கும். முகவரியை வைத்து மெஷினைப் பிடிக்கலாம். மெஷின் யாருடையது என்று கேட்டால் முதல் இரண்டுக்கும் பதில் அரைமணியில் வந்துவிடும். மூன்றாவதற்குத்தான் ஒவ்வொரு குழுவும் இன்னொரு குழுவைக் கை காட்டும். அதை நிறுவியவர் வேலையை விட்டுப் போயிருப்பார். யாரும் லாகின் செய்து வருடமாயிருக்கும். ஆனால் இரவு இரண்டு மணிக்கு அது எழுந்து எதையோ கிளஸ்டரில் எழுதுவது லாகில் தெளிவாகத் தெரியும். யாரோ ஒருவர் அதை நம்பிக்கொண்டிருக்கிறார். அவர் யாரென்று தெரியும் வரை, அந்தச் சொற்றொடரை டைப் செய்யாமல், இன்னும் ஒரு மெயில் அனுப்பிவிட்டுக் காத்திருப்பதுதான் அப்கிரேடின் மிச்ச வேலை.