தகவலாளர் பட்டியல்

பாலவனத்தம் பக்கத்துப் பெண்களின் ஒப்பாரிகளைப் பதிவுசெய்யும் திட்டம் ஒன்றுக்குப் போன மாதம் விண்ணப்பம் எழுதினேன். அதில் 'தரவு மேலாண்மைத் திட்டம்' என்று ஒரு பகுதி. எவ்வளவு தரவு சேரும், எங்கே வைப்பீர்கள், எத்தனை பிரதி, எத்தனை ஆண்டு, யார் பார்க்கலாம்? ஒரே மாலையில் நிரப்பிவிட்டேன். இரண்டு ஹார்ட் டிஸ்க், ஒன்று கல்லூரியில், ஒன்று வீட்டில். 'உரிமையாளர்' என்ற கட்டத்தில் கல்லூரியின் பெயரை எழுதினேன். மறுநாள் அதை அடித்தேன். கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது.

காரணம் ஒரு கேசட். 2006இல் முனைவர் பட்டக் களப்பணியின்போது இதே வட்டாரத்தில் ஒரு மூதாட்டியிடம் பதிந்தது. அப்பத்தா என்றுதான் கூப்பிடுவேன். சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர். செத்துப்போன மகளுக்காகப் பாடினார். ஸ்டவ் வெடித்தது என்பது ஊர் சொன்ன கதை. பாட்டில் ஸ்டவ் வெடிக்கவில்லை. கதவை வெளியிலிருந்து சாத்தியது யார் என்று முறை சொல்லி வந்தது. ஒப்பாரிக்கு அந்தச் சலுகை உண்டு. பேச்சில் சொன்னால் வெட்டுக்குத்து. ராகத்தில் சொன்னால், 'பாவம், பெத்தவ அழுறா'. பாடி முடித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "எம் பேத்திக்குத் தெரிய வேணாம் தாயி. அவ அந்த வீட்லதான சோறு திங்கணும்."

சரி அப்பத்தா என்றேன். பிறகு ஆய்வேட்டின் பின்னிணைப்பில் பாட்டு முழுவதையும் சேர்த்தேன். நாட்டார் வழக்காற்று ஆய்வேடுகளில் தகவலாளர் பட்டியல் தவறாமல் இருக்கும்: பெயர், வயது, சாதி, ஊர், தொழில். நானும் போட்டேன். நூலக அலமாரியில் தூங்கப்போகிற புத்தகத்தை யார் படிக்கப்போகிறார்கள் என்ற நினைப்பு. பின்னால் ஆய்வேடுகள் இணையத்துக்கு வந்தன. சோத்கங்கா போன்ற களஞ்சியத்திலிருந்து இன்று யாரும் இறக்கிக்கொள்ளலாம். நல்ல ஏற்பாடு, என் மாணவிகள் அதை நம்பித்தான் படிக்கிறார்கள். என்னுடையதும் இணையத்துக்குப் போனது.

தமிழ் படித்த நமக்கு அழிவதுதான் பயம். பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் 1901இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தைத் தொடங்கி ஏடுகளையும் நூல்களையும் திரட்டினார். கரையானும் ஆற்றுவெள்ளமும் கொண்டுபோன ஏடுகளின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குச் சேர்ப்பது அறம், விடுவது பாவம். ஆனால் அந்த ஏடுகளைப் பாடியவர்கள் செத்து நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. ஒப்பாரி பாடியவளோ அடுத்த தெருவில் இருக்கிறாள், பாட்டில் வரும் கொழுந்தன் எதிர்வீட்டில். ஏட்டுக்கான அறத்தை உயிரோடிருக்கும் ஆளுக்குப் பொருத்திவிட்டோம். முதலில் நான்.

அதற்காக அழித்துவிடலாம் என்றும் தோன்றவில்லை. பெண்கள் சொன்னதில் பதிவாகாமல் போனதே அதிகம். 1988இல் மும்பையில் பெண்களுக்கான ஸ்பாரோ ஆவணக்காப்பகத்தை அம்பையும் தோழியரும் தொடங்கியிராவிட்டால் எத்தனை குரல்கள் போயிருக்கும்! பூட்டிவைக்கலாமா என்றால் அதுவும் உறுதியில்லை. அமெரிக்காவின் பாஸ்டன் கல்லூரி, வட அயர்லாந்தின் முன்னாள் ஆயுதப் போராளிகளிடம், 'நீங்கள் இருக்கும்வரை வெளிவராது' என்று சொல்லி 2001 முதல் நேர்காணல்கள் பதிந்தது. 2011இல் ஒரு பெண்ணின் கொலை விசாரணைக்காக அவற்றைக் காவல்துறை கேட்டது. நீதிமன்ற உத்தரவால் சில பதிவுகள் கைமாறின. நம் நாட்டில் 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆய்வுப் பணிக்கு நிபந்தனையோடு விலக்கே தருகிறது. எனக்கு வசதி. அப்பத்தாவுக்கு?

புதிய திட்டத்தில் இப்படி எழுதியிருக்கிறேன். மாணவிகளின் சொந்தக் கைப்பேசியில் பதிவு கூடாது. பெயர்கள் தனி நோட்டில் இருக்கும். அழுத அன்றைக்கே சம்மதம் கேட்பதில்லை. ஒரு வாரம் கழித்துப் போய்ப் பதிவைப் போட்டுக் காட்டி, வைக்கவா அழிக்கவா, யார் கேட்கலாம், எப்போது கேட்கலாம் என்று விசாரிப்பது. அழி என்றால் அவர் கண்முன்னே அழிப்பது. (கொழுந்தனிடமும் சம்மதம் வாங்க வேண்டாமா என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். வாங்க மாட்டேன்.)

இவ்வளவையும் 2006இலேயே செய்திருந்தால் போன வருடம் அந்த அழைப்பு வந்திருக்காது. பேத்திதான். இப்போது முப்பதைத் தாண்டியவள், மில் வேலை. ஏதோ நினைப்பில் ஊர்ப்பெயரைத் தேடியிருக்கிறாள். என் ஆய்வேடு வந்திருக்கிறது, பின்னிணைப்பில் பாட்டியின் பெயர். அதுவரை ஸ்டவ் வெடித்தது என்றே நம்பியிருந்தவள். "டீச்சர், அந்தக் கேசட் இருக்கா? எங்க அம்மாச்சி குரலக் கேக்கணும்."

நான் வாக்கைக் காப்பாற்றியிருந்தால் இது அவளுக்குக் கிடைத்திருக்காது. அதை வைத்து என் தவற்றைச் சரியாக்கிக்கொள்ள முடியாது. பட்டியலை நீக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். பேத்தி அந்த வீட்டுச் சோற்றை நம்பியிருந்த வரைக்கும்தான் அப்பத்தாவின் 'வேணாம்' என்று இப்போது பொருள் கொள்கிறேன். இன்று அவள் தன் சம்பளத்தில் தனியாக இருக்கிறாள். எனக்குச் சாதகமான உரை இது என்பதும் தெரிகிறது. கேட்டுத் தெளிய அப்பத்தா இல்லை. கொடுக்கத்தான் போகிறேன். (இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். சில விவரங்களை மாற்றச் சொன்னாள், மாற்றியிருக்கிறேன்.)

கேசட்டின் நாடா ஒட்டிக்கொண்டிருக்கிறது. மதுரையில் கடையில் கொடுத்தால் சிடியில் ஏற்றித் தருவார்கள் என்கிறார்கள். ஏற்றும்போது கடைக்காரர் கேட்பார். ஓடுகிற டேப் ரெக்கார்டர் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.