நடை சாத்தியிருக்கும் நாட்கள்

எனக்கு இப்போது ஊர் சேலம். மாம்பழச் சேலம் இல்லை, அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்தின் தலைநகர். இங்கே வாக்குச்சீட்டு தபாலில் வீட்டுக்கே வரும். 2010 அக்டோபரில் அதைச் சமையல் மேசையில் பிரித்தபோது 71 என்று எண்ணிட்ட கேள்வியில் நின்றுவிட்டேன்: இரண்டாண்டுக்கு ஒருமுறை கூடும் சட்டமன்றம் இனி ஆண்டுதோறும் கூடலாமா?

வேண்டாம் என்றார் என் கணவர். வருஷம் தவறாமல் மாலை போடுகிறவர். "மண்டல காலமும் விசேஷ நாளும் போக, ஐயப்பன் நடையே மாசத்துல அஞ்சு நாள்தான் திறக்குது. அதனாலதான் அந்தக் கதவுக்கு மதிப்பு. இவங்க எதுக்கு ஓயாம பேசணும்?" மொன்டானாவையும் சாட்சிக்கு இழுத்தார். அங்கே 1972இல் புது அரசமைப்பு ஆண்டுக் கூட்டத்தைக் கொண்டுவந்தது. 1974இலேயே மக்கள் வாக்களித்து அதை நிறுத்திவிட்டார்கள்.

எனக்குப் பதில் வர இரண்டு நாள் ஆயிற்று. நடை சாத்தியிருந்தாலும் சாமி உள்ளே இருக்கிறார். போன மாதம் சொன்னதை அவர் திருத்த வேண்டியதில்லை. சட்டமன்றத்தில் இருப்பவர்களோ நம்மைப்போலக் கணக்கில் தப்புகிறவர்கள். ஆரிகனில் விற்பனை வரி கிடையாது, கஜானா நம்பியிருப்பது வருமான வரியை. இரண்டாண்டு வரவை ஊகித்துத்தான் பட்ஜெட் போடுகிறார்கள். 2008இல் வேலைகள் போனபோது ஊகமும் போயிற்று. சிறப்புக் கூட்டம் கூட்டலாம்தான். இடையில் ஓர் அவசரக் குழு பணம் ஒதுக்கலாம், சட்டம் இயற்ற முடியாது.

நான் பகலில் துணையிருந்த பாட்டிக்கு அப்போது 88 வயது. மாநிலம் தரும் உதவி நேரத்தைக் கூட்டித் தரக் கேட்டதற்கு, அடுத்த கூட்டம் வரட்டும் என்றார்கள். பாட்டி விரல் விட்டு எண்ணிப் பார்த்துச் சிரித்தார். மௌனம் தவம் என்று கேட்டு வளர்ந்தவள் நான். ஆனால் தவத்தில் பசிப்பது தவம் செய்கிறவருக்கு. இங்கே பசித்தது பாட்டிக்கு.

இதைச் சொன்னதும், "அப்போ வருஷம் பூரா கூடட்டுமா?" என்றார் கணவர். இல்லை, ஒற்றைப்படை ஆண்டில் 160 நாள், இரட்டைப்படை ஆண்டில் 35 நாள் என்று படித்துக் காட்டினேன்.

"முப்பத்தஞ்சா? மண்டலத்துக்கு ஆறு நாள் குறையுதே" என்று பேனாவை வாங்கிக்கொண்டார்.

வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் சரி என்றார்கள். அவர் எதைக் கறுப்பாக்கினார் என்று எனக்குத் தெரியாது. உறையை ஒட்டிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் என்னிடம் நீட்டினார்.