கொல்லாமையும் சாய்தளமும்

கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட ஒரு மரபில், கொல்லப்படவே போகும் உயிரை வழியில் பரிவோடு நடத்துவதற்குப் பொருள் உண்டா என்பது எளிய வினா அன்று. திருக்குறள் புலால் மறுத்தலுக்கும் கொல்லாமைக்கும் தனித்தனி அதிகாரங்கள் வகுத்தது. கொங்கு நாட்டில் விஜயமங்கலம் போன்ற ஊர்களில் வேரூன்றிய சமணமும் கொலையை முற்றாக விலக்கியது. எனினும் வெட்டுவதற்காக விலங்குகள் வண்டியேறுவது நிற்கவில்லை.

சத்தியமங்கலத்திலிருந்து மைசூர் நோக்கி ஏறும் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில், பிடிமானமின்றி நிற்கும் எந்த விலங்கும் திருப்பந்தோறும் நிலைகுலையும். பன்றிக்கு இத்துன்பம் இன்னும் கூடுதல். வியர்த்து உடலைத் தணித்துக்கொள்ளும் ஆற்றல் அதற்கு ஏறத்தாழ இல்லாததால், நெரிசலும் வெயிலும் சேரும்போது வழியிலேயே மூச்சிரைத்து இறக்கவும் கூடும். வண்டியிலிருந்து இறக்கிவிடும் நேரம் அதனினும் கொடியது: செங்குத்தான பலகையில் கால்வைக்க அஞ்சும் பன்றியைக் காதையும் வாலையும் பற்றி இழுப்பவர், அதன் அச்சத்தைப் பிடிவாதம் என்று எண்ணிவிடுகிறார். 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் 2001இல் வந்த இறைச்சிக்கூட விதிகள், விலங்குகள் வண்டியிலிருந்து நேரே இறங்கச் சாய்தளம், அதாவது சரிவான மேடை, அமைய வேண்டும் என்றும், ஒன்றின் கண்முன் மற்றொன்றை வெட்டலாகாது என்றும் கூறுவது, அவ்வச்சத்தை மெய்யென ஏற்பதாகும்.

இத்தகைய பரிவு கொலைக்குப் போர்வையாகிவிடும் என்ற மறுப்பு வலுவானது. ஆயினும், புலாலை உறுதியாக மறுத்த வள்ளலார், பிற உயிரின் துன்பங்கண்டு எழும் உருக்கத்தையே சீவகாருணியம் என்றார். அவ்வுயிர் பிழைக்கப்போவதில்லை என்று அறிந்ததும் அவ்வுருக்கம் அணையவேண்டும் என்பதற்கு அவர் நெறியில் இடமில்லை. எனவே கொலையை மறுப்பவர் சாய்தளத்தையும் நிழலையும் நீரையும் கேட்பதால், தம் மறுப்பைக் கைவிட்டவர் ஆகார்.