நாபோத்தின் தோட்டமும் நம் பிள்ளைகளின் கண்காட்சியும்



பாடசாலையில் விஞ்ஞானக் கண்காட்சி என்று அறிவித்தல் வந்துவிட்டால் நம் வீடுகள் படும் பாடு உங்களுக்குத் தெரியாததல்ல. கடதாசி மட்டையும் ரெஜிபோமும் பசைப் போத்தலும் விறாந்தை முழுதும் பரந்து கிடக்கும். கடையில் வாங்கிய சிறியதொரு சூரியத் தகட்டை மட்டை வீட்டின் கூரையிலே ஒட்டி, முற்றத்து வெயிலில் வைத்ததும் குட்டி விசிறி சுழலும். பிள்ளை கைகொட்டிச் சிரிக்கும். (பிள்ளை நித்திரையான பின் தகப்பனார் விழித்திருந்து ஒட்டி முடிப்பதும் உண்டு. அதைப் பற்றி இன்று பேசப் போவதில்லை.)

நான் பேச வருவது அந்த மட்டை வீட்டைச் சுற்றியிருக்கும் தரையைப் பற்றி. பச்சைத் தாள் ஒட்டிய வெறுந்தரை. அதிலே வரிசை வரிசையாகச் சூரியத் தகடுகள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது யாருடைய காணி என்று எந்தப் பிள்ளையும் எழுதி வைப்பதில்லை. நாமும் கேட்பதில்லை.

சூரியனை வேலைக்கு அழைப்பது திருகோணமலை மக்களுக்குப் புதிதா என்ன? நிலாவெளி உப்பளத்திலே கடல்நீரை உப்பாக்குவது வெயில். கரையோரத்துப் பாய்களில் கருவாட்டைக் காயவைப்பதும், அறுவடைக்குப் பின் தெருவோரத்தில் பரப்பிய நெல்லை உலர்த்துவதும் அதே வெயில்தான். நம் பரம பிதா நல்லவர் மேலும் தீயவர் மேலும் ஒன்றுபோலச் சூரியனை உதிக்கச் செய்கிறார் என்று ஆண்டவர் இயேசு மலையிலே போதித்தார். சூரியனுக்கு வேலி போட ஒருவராலும் முடியாது. ஆனால் தகடு நிற்க நிலம் வேண்டும். நிலத்துக்கு வேலி போடலாம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

நம் துறைமுகம் நெடுங்காலமாகப் பிறருடைய எரிபொருளுக்குக் களஞ்சியமாக இருந்து வந்தது. சீனன்குடாவிலே ஆங்கிலேயர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகளில் 99 இன்றும் நிற்கின்றன; ஒன்று 1942 ஏப்ரல் 9 அன்று யப்பானிய விமானத் தாக்குதலில் எரிந்து அழிந்தது. பின்னர் நிலக்கரியின் முறை வந்தது. கொட்டியாரக் குடாவின் மறுகரையிலே சம்பூர் மக்கள் 2006ஆம் ஆண்டுப் போரில் ஊரைவிட்டு ஓடி, கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் முகாம்களிலே ஆண்டுக்கணக்காக வாழ்ந்தார்கள். அவர்கள் இல்லாத ஊரில் 500 மெகாவாற் அனல்மின் நிலையம் திட்டமிடப்பட்டது. 2015இல் 818 ஏக்கர் மக்களுக்கென்று விடுவிக்கப்பட்டது. 2016 செப்டெம்பரில், சம்பூரில் அனல்மின் நிலையம் கட்டப்படாது என்று அரசு உயர் நீதிமன்றத்திலே தெரிவித்தது. சாம்பலுக்கும், குடாவில் கலக்கவிருந்த சுடுநீருக்கும் அஞ்சியிருந்த மீனவரும் விவசாயிகளும் அன்று விட்ட பெருமூச்சை நாம் மறக்கலாகாது.

அந்தச் சம்பூருக்கே இப்போது சூரியன் வந்திருக்கிறது. 120 மெகாவாற் சூரிய மின் திட்டத்தின் தொடக்க விழா 2025 ஏப்ரல் 5 அன்று கொழும்பிலிருந்து காணொளி வழியாக நடந்தது. புகையில்லை, சாம்பலில்லை, நிலக்கரியோடு ஒப்பிட்டால் இது நன்மையே என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் அதே ஆண்டிலே துறைமுகத்துக்கு அண்மையில் முத்துநகர் விவசாயிகள், தாங்கள் விதைத்து வந்த வயல்கள் சூரிய மின் திட்டங்களுக்குக் கொடுக்கப்படுவதை எதிர்த்து மாவட்டச் செயலகத்தின் முன் நாட்கணக்காகக் குந்தியிருந்தார்கள். காணி துறைமுக அதிகாரசபைக்குரியது என்கிறது கடதாசி. பல்லாண்டாக நாங்கள் விதைத்த மண் என்கிறார்கள் உழவர்கள். சட்டம் யார் பக்கம் என்று தீர்ப்புச் சொல்வது என் வேலையல்ல. அந்த வழியாகப் போன நம்மில் எத்தனை பேர் நின்று, "என்ன நடந்தது?" என்று கேட்டோம்?

வேதாகமத்தைத் திறவுங்கள். அரசர்கள் முதலாம் நூல், 21ஆம் அதிகாரம். ஆகாப் அரசனின் மாளிகைக்குப் பக்கத்திலே நாபோத் என்பவனுக்கு ஒரு திராட்சைத் தோட்டம். அரசனுக்கு அது வேண்டும். எதற்காக? கீரை, காய்கறி போட. அவன் முதலில் பறிக்கவில்லை. இதைவிட நல்ல தோட்டம் தருகிறேன், அல்லது விலை தருகிறேன் என்கிறான். நியாயமான பேச்சுப் போலத்தான் தோன்றுகிறது. நாபோத்தோ, இது என் முன்னோரின் முதுசம், தரமாட்டேன் என்றான். அதன் பிறகு ஈசபேல் அரசி கடிதம் எழுதினாள். கடிதத்திலே அரசனின் முத்திரை இருந்தது. முத்திரையைக் கண்ட ஊர்ப் பெரியவர்கள் ஒரு கேள்வியும் கேளாமல் சொன்னதைச் செய்தார்கள். நாபோத் கல்லெறியுண்டு செத்தான்.

கவனியுங்கள், கீரை நல்லது. குற்றம் கீரையில் இல்லை. எலியா தீர்க்கதரிசி தோட்டத்துக்கு வந்து அரசனை எதிர்கொண்டபோது, எதைப் பயிரிடப் போகிறாய் என்று கேட்கவில்லை. கொன்றும் போட்டு உடைமையையும் எடுத்துக்கொண்டாயா என்றுதான் கேட்டார். நம் ஊரில் அப்படிக் கொலை நடந்ததென்று நான் சொல்லவில்லை. எனக்கு உறுத்துவது அந்த ஊர்ப் பெரியவர்களின் மௌனம்.

பாப்பரசர் பிரான்சிஸ் 2015இல் எழுதிய சுற்றுமடலுக்கு, சூரியனைச் சகோதரன் என்றழைத்த அசிசி நகர்ப் புனித பிரான்சிசின் துதியிலிருந்தே பெயர் எடுத்தார். புதிய திட்டம் எதுவாயினும் அந்த இடத்து மக்களுக்குப் பேச்சு மேசையிலே தனியிடம் இருக்கவேண்டும் என்று அதிலே வற்புறுத்தினார். வத்திக்கான் இதைச் செயலிலும் காட்ட முயன்றிருக்கிறது. 2008இல் முதலில் தகடு பொருத்தியது ஆறாம் சின்னப்பர் மண்டபத்தின் கூரையிலே. ஏற்கெனவே இருந்த கூரை, யாருடைய வயலுமல்ல. 2024 யூன் 21 அன்று பாப்பரசர் பிரான்சிஸ், உரோமைக்கு வெளியே வத்திக்கான் வானொலிக்குரிய நிலத்திலே, மேலே தகடும் கீழே பயிருமாக அமையும் மின் நிலையம் ஒன்றுக்கு உத்தரவிட்டார். மாணவர்களே, அந்த மாதிரியை மட்டையிலே செய்து பாருங்களேன். தகட்டை எவ்வளவு உயர்த்தினால் கீழே பயிருக்கு வெயில் கிடைக்கும் என்று அளந்து பார்ப்பதே நல்ல விஞ்ஞானம்.

இன்னொன்றும் வையுங்கள்: பற்றரி. உங்கள் விசிறி நண்பகலில் சுழலும். அம்மா விளக்கேற்றும் நேரத்தில் நின்றுவிடும். 2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகலில் நாடே இருண்டது நினைவிருக்கும். பாணந்துறைக் குரங்கின் கதைதான் ஊரெல்லாம் பேசப்பட்டது. ஆனால் விடுமுறை நாளில் தேவை குறைந்து, சூரிய மின்சாரத்தின் பங்கு கூடியிருந்த வேளையில் மின்வலையமைப்பு அந்த அதிர்ச்சியைத் தாங்கும் பலமற்றிருந்தது என்றும் மின்சார சபை விளக்கியது. அடுத்து வந்த சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரைத் தகடுகளைப் பிற்பகல் 3 மணிவரை நிறுத்தி வைக்கும்படி கேட்கவும் நேர்ந்தது. நிறைந்த நேரத்தில் சேமித்துப் பஞ்ச காலத்துக்கு வைத்த எகிப்து நாட்டு யோசேப்பின் வேலையைத்தான் பற்றரி செய்கிறது. அந்தப் பற்றரியும் தகடும் ஒருநாள் பழுதாகும். அவற்றை எங்கே போடுவது, எந்தக் கிணற்றடியில் ஈயம் ஊறும் என்பதையும் ஒரு மட்டையில் எழுதுங்கள்.

பெற்றோரே, இனி உங்களிடம். பிள்ளை களிமண்ணிலே ஒரு வயல்காரனைச் செய்து, தகட்டு வரிசைக்கு நடுவே நிறுத்தி, "இவர் எங்கே போவார்?" என்று எழுதி வைக்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். நம் வாயில் முதலில் வருவது என்ன? "கந்தோர்ப் பெரியவர்கள் வருவார்கள். உனக்கேன் வீண் வம்பு? அதை எடுத்துவிடு." அன்போடுதான் சொல்வோம். பட்டது போதும் என்ற பயத்திலேதான் சொல்வோம். இந்த மாவட்டத்திலே அந்தப் பயத்துக்குக் காரணம் இல்லாமலுமில்லை. ஆனாலும் எடுக்கச் சொல்லாதீர்கள். புள்ளி குறைந்தால் குறையட்டும்.

வருகிற சனிக்கிழமை பசைப் போத்தலை மூடி வைத்துவிட்டுப் பிள்ளையைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போங்கள். முத்துநகருக்கோ, சம்பூருக்கோ, உங்கள் வீட்டுக்குக் கிட்ட உள்ள வயலுக்கோ. அங்கே நிற்கும் பெரியவரிடம், "ஐயா, இந்தக் காணியிலே எவ்வளவு காலமாக விதைக்கிறீர்கள்?" என்று பிள்ளையே கேட்கட்டும். ஒரு கொப்பியும் பென்சிலும் கொண்டு போகட்டும். அவர் சொல்லச் சொல்ல எழுதட்டும். தரையிலே பச்சைத் தாள் ஒட்டுவதைத் திரும்பி வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.